ஏற்கப்படாத மெயில்

தேவிப்பிரியாவுக்கு மூக்கு மேல் கோபம் என்று அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்த ஆனி மாதத்தில் அவளுக்கு வந்த கோபத்துக்கு முழு நியாயம் இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு ஒயரிங் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவள் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிவு என்று பெயர்தான். ஆள் அவள் ஒருத்தி. கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு மெயில் சர்வர் இருந்தது. உள்ளே வரும் மெயிலும் வெளியே போகும் மெயிலும் அதன் வழியாகத்தான் போய்வர வேண்டும். அதற்குள் குப்பை மெயில் சாக்கடைத் தண்ணீர் மாதிரி வந்து நிரம்பிக்கொண்டிருந்தது. லாட்டரி விழுந்திருக்கிறது, பார்சல் வந்து நிற்கிறது, கணக்கு முடங்கப் போகிறது, வழுக்கையில் முடி முளைக்கும் என்று விடிந்ததிலிருந்து ஓயாத வரத்து.

பர்ச்சேஸ் பிரிவில் இருந்த ஒருவர், பார்சல் வந்திருப்பதாகச் சொன்ன மெயிலை நம்பித் தன் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டார். அதை வாங்கியவன் கம்பெனியின் பெயரிலேயே ஊரெல்லாம் குப்பை மெயில் அனுப்பினான். கார் கம்பெனிகளின் சர்வர்கள் இவர்களைக் கெட்ட பட்டியலில் சேர்த்துவிட்டன. இவர்கள் அனுப்பிய நல்ல மெயில்கூடப் போன வேகத்தில் திரும்பி வந்தது. எம்.டி. மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் தேவிப்பிரியாவை நிற்க வைத்துக் கத்தினார். பாஸ்வேர்டைக் கொடுத்த மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று அவள் திருமுல்லைவாயிலில் இருக்கும் வீட்டுக்குப் போய், ரசத்தில் உப்பு இல்லை என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தாள். ரசத்தில் உப்பு இருந்தது.

அந்த வாரமே வேலையை ஆரம்பித்தாள். மெயில் முகவரியில் @ என்கிற அந்தச் சுழிக்குப் பின்னால் வருகிற பெயரை டொமைன் என்பார்கள். வீட்டு எண்ணுக்குப் பின்னால் வரும் தெருப் பெயர் மாதிரி. குப்பை வருகிற தெருக்களைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எது வந்தாலும் உள்ளே விடாதே என்று சர்வருக்குச் சொல்லி வைக்கலாம். சந்தேகப்படும் மெயிலை ஓர் ஓரமாக ஒதுக்கி வைத்து, பிறகு ஆற அமரப் பார்க்கவும் வழி உண்டு. பொறுமைசாலிகள் அப்படித்தான் செய்வார்கள். தேவிப்பிரியா அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காதே என்று எழுதினாள். திரும்பிப் போகிற மெயிலோடு ஒரு வரியும் போகும். அந்த வரியை இங்கிலீஷில் எழுதிவிட்டு, கீழே தமிழிலும் எழுதினாள்: "குப்பை மெயில் இங்கே ஏற்கப்படாது." எவன் கன்னத்திலோ அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

குப்பை சட்டென்று குறைந்தது. எம்.டி. வராண்டாவில் பார்த்து, பரவாயில்லையே என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரிவிலிருந்தும், இந்த டொமைனைத் தடு, அந்த டொமைனைத் தடு என்று போன் வர ஆரம்பித்தது. அவளும் யார் எது சொன்னாலும் சளைக்காமல் தடுத்தாள். அதில் அவளுக்கு ஒரு ருசியே வந்துவிட்டது.

பெர்சனல் மேனேஜர் அழகேசன் மட்டும் போன் செய்யவில்லை. நேரிலேயே வந்தார். எல்லாரையும் அம்மா, ஐயா என்று பேசுகிற மனிதர். கடைநிலை ஊழியர் வீட்டு விசேஷத்துக்கும் போய்வருவார். பெண்கள் புகார் கமிட்டிக்கு என்று கம்பெனியில் ஒரு மெயில் முகவரி இருந்தது. நோட்டீஸ் போர்டில் அதை எழுதி ஒட்டியிருப்பார்கள். அந்த முகவரிக்கு வருவதைத் திறந்து பார்ப்பது அவர்தான். ஏதோ ஒரு சங்கம் அதில் நன்கொடை கேட்டு நச்சரிப்பதாகவும், உண்மையான புகார் வந்தால் அந்தக் குவியலில் காணாமல் போய்விடும் என்றும் கவலையோடு சொன்னார். ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து டொமைன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். 'தோழமை' என்று தொடங்கி, டாட் காம் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் வேறொரு வாலோடு முடிகிற பெயர். அந்த மாதிரி வால் வைத்த டொமைனில்தான் குப்பை அதிகம் வரும். தேவிப்பிரியா இரண்டாம் முறை யோசிக்கவில்லை. அவர் அறைக் கதவைத் தாண்டுவதற்குள் அது தடைப் பட்டியலில் ஏறிவிட்டது.

ஆடி பிறந்து சில வாரம் போயிருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் அவள் தயிர்சாத டப்பாவைத் திறந்தபோது, நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் எதிரில் வந்து நின்றாள். நீலக் கோட்டு ஒயர் கோக்கும் லைனில் வேலை செய்கிறவர்களுக்கு. அவர்கள் ஸ்டாஃப் உட்காரும் பக்கம் வருவது வழக்கமில்லை. பேர் ரேவதி என்றாள், ஊடு கரையான்சாவடி என்றாள். மெயில் பார்க்கிறவள் நீதானே என்பதை மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனை நீட்டினாள். திரையில் தேவிப்பிரியா எழுதிய வரி இருந்தது.

"இது நீங்க எய்துனதா மேடம்?"

"ஆமா. ஏன்?"

"எங்கள குப்பைன்னு போட்டுக்கீறீங்க. அதான், யாரு போட்டாங்கன்னு மூஞ்சியப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேவிப்பிரியாவுக்குச் சுர்ரென்று ஏறியது. அது மெஷின் அனுப்புவது, அதில் தனிப்பட்ட முறையில் ஒன்றுமில்லை, டொமைன் சரியில்லாவிட்டால் அப்படித்தான் வரும், வேறு முகவரியிலிருந்து அனுப்பிக்கொள்ளுங்கள் என்று பொரிந்து தள்ளினாள். ரேவதி நகரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"ஸ்டோர் ரூம்ல கதவச் சாத்துனான் மேடம், குணசேகரன். கனெக்டர் ட்ரேவால அவன் மண்டையில போட்டுட்டு வெளிய வந்தேன். அத எய்தித்தான் அனுப்புனோம். அது குப்பையா?"

தேவிப்பிரியாவின் கையில் இருந்த ஸ்பூன் டப்பாவிலேயே நின்றுவிட்டது. குணசேகரன் இரண்டாம் ஷிப்ட் சூப்பர்வைசர். ஆயுத பூஜைக்குப் பொரியும் சுண்டலும் தானே பங்கு வைத்து எல்லாருக்கும் கொடுக்கிறவன். அவள் கையிலும் கொடுத்திருக்கிறான்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ரேவதியைத் தன் அறைக்கு அழைத்துப் போனாள். மீதியை ரேவதி நின்றபடியே சொன்னாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. சம்பவத்துக்குப் பிறகு குணசேகரன் அவளை லைனிலிருந்து எடுத்து, நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் ஒயர் வெட்டும் இடத்தில் போட்டுவிட்டான். போகிற வருகிறவர்களிடம் அவளைப் பற்றிக் கண்டதையும் பேசுகிறான். தாளில் புகார் எழுதிக்கொண்டு அழகேசனிடம் போனாள். அவர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, இதெல்லாம் முறைப்படி மெயிலில்தான் வர வேண்டும் என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கரையான்சாவடியில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஜெபா என்கிறவர் தோழமை என்று ஒரு சங்கம் நடத்துகிறார். அவர்தான் டைப் செய்து அனுப்பினார். முதல் மெயிலுக்குப் பதில் இல்லை. அடுத்து அனுப்பியதெல்லாம் குப்பை என்று திரும்பி வந்தன. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கமிட்டிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடு வரும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

அவள் வேலைக்குத் திரும்பிப் போனதும் தேவிப்பிரியா சர்வரின் பதிவுகளைத் திறந்தாள். மெயிலின் உள்ளே இருந்தது எதுவும் அங்கே இருக்காது. உள்ளே விடாதே என்று அவளே சொல்லியிருந்தாளே. யார் யாருக்கு எப்போது அனுப்பினார்கள் என்பது மட்டும் இருக்கும். அது போதுமானதாக இருந்தது. தோழமையிலிருந்து முதல் மெயில் ஒரு காலையில் வந்து ஒழுங்காக உள்ளே போயிருந்தது. தடை ஏறிய நேரத்தைப் பார்த்தாள். அன்று மத்தியானமே அழகேசன் இந்த அறைக்கு வந்திருக்கிறார். அவர் காலையில் படித்துவிட்டுத்தான் மத்தியானம் வந்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நிராகரிப்பு, நிராகரிப்பு, நிராகரிப்பு.

அவளுக்கு முதலில் அவமானமாகத்தான் இருந்தது. பிறகு கோபம் வந்தது. இத்தனை நாள் லாட்டரிக்காரன் மேல் வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று அப்போது தெரிந்தது. நாக்கு உலர்ந்துவிட்டது. தண்ணீர் குடிக்கக்கூட நிற்காமல் மாடிப்படி ஏறினாள்.

அழகேசன் சிரித்தமுகமாகத்தான் வரவேற்றார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். மறுக்கவும் இல்லை. குணசேகரன் இல்லாமல் இரண்டாம் ஷிப்ட் ஓடாது, கார் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும் நேரத்தில் இப்படி ஒரு புகார் பதிவில் ஏறினால் ஆயிரம் பேர் பிழைப்பு போய்விடும், அந்தப் பெண்ணை வேறு இடத்துக்கு மாற்றித் தானே சமாதானம் செய்து வைப்பதாக இருந்ததாகச் சொன்னார். ஒரு மரணச் செய்தியைப் பதமாகச் சொல்கிற குரலில் சொன்னார்.

"நன்கொடை கேக்குறாங்கன்னு எங்கிட்ட பொய் சொன்னீங்க சார்."

"பிளாக் பண்ணது யாரும்மா? நீ. நான் ஏதாவது எழுதிக் குடுத்தேனா? வாயால ஒரு யோசனை சொன்னேன். உள்ள என்ன இருக்குன்னு பாக்காம வாசல்லயே திருப்பினது உன் ஏற்பாடு. நாளைக்கு யாராவது கேட்டா உன்னைத்தான் கேப்பாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் திரும்பிக் கதவை நோக்கி நடந்தாள். பேசினால் குரல் உடையும் என்று பயந்தாள். கோபத்தில் உடைவதை அவர் அழுகை என்று எடுத்துக்கொள்வார். அவர் எழுந்து கதவுவரை கூடவே வந்தார்.

"அந்தப் பழைய பதிவெல்லாம் எத்தனை நாள் வெச்சிருப்பீங்க? இடத்தை அடைக்குமே. மத்த கம்பெனில அப்பப்போ க்ளீன் பண்ணிடுவாங்க."

"வெச்சுக்கறதுதான் சார் என் வேலை" என்றாள் தேவிப்பிரியா.

வெளியே வந்து பாத்ரூமில் முகம் கழுவினாள். அந்த மனிதர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் அவளைப் போட்டு எரித்தது. கதவை வைத்தது அவள். அந்தப் பெண்ணின் முகத்தில் அதைச் சாத்தியதும் அவள். அவர் சும்மா கையைக் காட்டினார்.

ஷிப்ட் விட்டதும் கேட்டருகில் ரேவதிக்காகக் காத்திருந்து, ஜெபாவைப் பார்க்க வேண்டும் என்றாள். ரேவதி ஏன் என்று கேட்கவில்லை. இருவரும் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினார்கள். மெட்ரோவுக்காக ரோட்டை அடைத்து வைத்திருந்த தகரத்தை உரசிக்கொண்டு பஸ் ஊர்ந்தது. ஜன்னல் வழியாக வந்த புழுதி தேவிப்பிரியாவின் லேப்டாப் பை மேல் படிந்தது.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் டயர் கடைக்கு மேலே ஓர் அறைதான் சங்கம். ஜெபாவுக்கு ஐம்பது வயது இருக்கும்; முன்பு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவர். தேவிப்பிரியா வருத்தம் தெரிவிக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க வருத்தப்பட்டு இவளுக்கு இன்னாம்மா ஆகப்போவுது? உங்க பேரைப் போட்டு எய்தித் தருவீங்களா, மாட்டீங்களா?"

"எழுதறேன்."

"வேல போவும்."

"போனா போகட்டும்" என்றாள். சொன்ன பிறகுதான் அதை நினைத்துப் பார்த்தாள். ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையரான அப்பாவின் முகம் ஒரு நொடி வந்து போனது. அதுவும் கோபத்தைக் குறைக்கவில்லை.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து சர்வருக்குள் நுழைந்தாள். தோழமையைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தாள். அதோடு விடவில்லை. புகார் முகவரிக்கு எது வந்தாலும் கமிட்டியில் இருக்கிற ஒவ்வொருவரின் மெயில் பெட்டிக்கும் நேராகப் போய் விழும்படி மாற்றினாள். அப்படி ஓர் ஏற்பாடு முதலிலேயே இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. பிறகு ஜெபா பழைய புகாரை மறுபடி அனுப்பினார். அது உள்ளே போவதைத் திரையில் மூவரும் பார்த்தார்கள்.

அதற்கடுத்து தேவிப்பிரியா தன் மெயிலை எழுதினாள். முதல் புகார் வந்து சேர்ந்த நாள், அன்றைக்கே அழகேசன் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டது, தான் விசாரிக்காமல் தடுத்தது, பிறகு திருப்பி அனுப்பப்பட்டவை, இன்று மத்தியானம் பதிவுகளை அழிக்கச் சொல்லிக் குறிப்புக் காட்டியது என்று ஒன்றையும் விடாமல் எழுதினாள். தன் தவறைப் பூசி மெழுகவில்லை. எம்.டி.க்கும் கமிட்டியில் உள்ள எல்லாருக்கும் அனுப்பினாள். பதிவுகளின் நகலை இணைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஹேமாவதி. குவாலிட்டி பிரிவின் தலைவி. கமிட்டிக்கும் அவர்தான் தலைவி. வருஷத்துக்கு ஒருமுறை புகார் எதுவும் இல்லை என்ற அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர். குரல் ஒடுங்கியிருந்தது. இதையெல்லாம் இப்படி ஊருக்கே அனுப்ப வேண்டுமா, நாளைக் காலையில் தன் அறைக்கு வந்து சொல்லியிருக்கலாமே என்றார்.

"காலையில வந்து சொல்லியிருந்தா நீங்க அழகேசன் சாரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பீங்க மேடம்."

அந்தப் பெண் பக்கத்தில் இருக்கிறாளா, அவளிடம் கொடு என்றார் ஹேமாவதி. ரேவதி போனை வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. அந்த மேடம் எல்லாவற்றையும் கேட்டார்கள் என்று மட்டும் ஜெபாவிடம் சொன்னாள்.

மறுநாள் காலை எம்.டி. அறையில் பஞ்சாயத்து. கம்பெனி விஷயத்தை வெளியாளுக்குத் தெரியப்படுத்தினாள், அனுமதி இல்லாமல் சர்வரில் கை வைத்தாள் என்று அழகேசன் பதமாகவே குற்றம் சாட்டினார். எம்.டி. மேஜையைத் தட்டினார். எல்லாவற்றையும் வாபஸ் வாங்கி ஒரு மெயில் போட்டால் இதோடு விட்டுவிடுவதாகச் சொன்னார். தேவிப்பிரியா முடியாது என்றாள். அப்போது ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஹேமாவதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, புகார் என் பெட்டிக்கு வந்துவிட்டது, நான் படித்துவிட்டேன், கெடுவுக்குள் வந்திருக்கிறது, திங்கட்கிழமை விசாரணை என்றார். படிக்காத மாதிரி இருக்கத் தன்னால் முடியாது என்றும் சொன்னார். எம்.டி. அவரை முறைத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

விசாரணை இழுத்தது. ஸ்டோர் ரூம் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், பல மாதமாக ரிப்பேர் என்றான் குணசேகரன். அவனுக்காகச் சாட்சி சொல்ல ஆண்கள் வரிசையில் நின்றார்கள். ரேவதிக்காக முதலில் யாரும் வரவில்லை. பிறகு, வேலையை விட்டுப் போய்விட்ட லாவண்யா என்கிற பெண் ஜெபாவோடு வந்து, தான் உள்ளே இருந்தபோதும் ஒருமுறை அதே கதவு சாத்திக்கொண்டது என்றாள். அதற்குப் பிறகு லைனிலிருந்தே இன்னும் சிலர் வந்தார்கள். புரட்டாசி முடிவதற்குள் குணசேகரனை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அழகேசனைக் கமிட்டி வேலையிலிருந்து எடுத்தார்கள். அவ்வளவுதான். ஒரகடத்தில் இருக்கும் இன்னொரு யூனிட்டுக்கு, பதவி ஒரு படிகூடக் குறையாமல் மாற்றினார்கள். போகும் நாளன்று அவருக்கு மாலை போட்டுக் கேக் வெட்டினார்கள். அவர் தேவிப்பிரியாவின் அறைக்கும் வந்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அவள் கதவை உதைத்தாள். கால் கட்டைவிரல் வீங்கி, செருப்புப் போட முடியாமல் நொண்டினாள்.

அவளுக்கு ஓர் எச்சரிக்கை மெமோ கொடுத்தார்கள். எழுத்துமூல அனுமதி இல்லாமல் டொமைனைத் தடுத்ததற்கும், எழுத்துமூல அனுமதி இல்லாமல் தடையை எடுத்ததற்கும். தடுத்ததற்குக் கொடுத்த மெமோ சரிதான், எடுத்ததற்குக் கொடுத்ததை ஏற்கவில்லை என்று அதன் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சர்வரில் அந்தக் குப்பை வரியை அழித்தாள். இப்போதெல்லாம் சந்தேகமான மெயில் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. அவள் காலையில் வந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறாள். சலிப்பான வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறாள்.

ரேவதியை மறுபடி லைனில் உட்கார வைத்தார்கள். இருவரும் தோழிகளாகிவிடவில்லை. எப்போதாவது எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொள்வார்கள். ஐப்பசி மழையில் ஒருநாள் இருவரும் ஒரே நிழற்குடையின் கீழ் ஒதுங்க வேண்டியதாகிவிட்டது. ரேவதி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"உங்களுக்கு இன்னும் கோவம் போகலையா மேடம்?"

"இல்ல."

"எனக்கும் போகல" என்றாள் ரேவதி. "அவன் போய்ட்டான். ஆனா டெய்லி அந்த ஸ்டோர் ரூம் வாசலாண்டதான் பொருள் எடுக்கப் போறேன். அங்க போனாலே எரியுது."

கதவை இன்னும் அப்படியேதான் வைத்திருக்கிறார்களா என்று தேவிப்பிரியா கேட்டாள். அப்படியேதான் இருக்கிறது, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடலாம் என்றாள் ரேவதி. நாளைக் காலை ஹேமாவதியிடம் போய், அந்தக் கதவையே கழற்றிப் போடச் சொல்லலாம் என்றாள் தேவிப்பிரியா. ரேவதி தானும் வருவதாகச் சொன்னாள். பூந்தமல்லி பஸ் வந்தது. ரேவதி மழையில் நனைந்துகொண்டே ஓடி ஏறினாள்.